முதல் கட்டையில் இருக்கும் பெயர்

என் கிள்ளான் வீட்டுப் பியானோவின் மூடியில் பொன்னெழுத்தில் ஒரு பெயர் மின்னும். பெரிய ஜெர்மன் கம்பெனியாம். அது இரவல் மூடி என்று தெரிந்தவர்களில் மிஞ்சியிருப்பவள் நான் ஒருத்திதான்.

முன்பு பிரிக்பீல்ட்ஸில், பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் டியூனர் அண்ணன் பட்டறையில் துடைக்கிற வேலை எனக்கு. இந்தப் பியானோவின் மூடியைக் கரையான் தின்றபோது, உடைந்து கிடந்த ஜெர்மன் பியானோவின் மூடியைக் கழற்றி இதில் பூட்டினார். கச்சிதமாகப் பொருந்தியது. "மாப்பிள்ளைக்கு இரவல் சட்டை மா" என்று சிரித்தார். பிறகு விரலால் அழுத்தும் கட்டைகளில் இடது ஓரத்து முதல் கட்டையை உருவி, பக்கவாட்டில் பதித்திருந்த, செய்தவர் பெயரைக் காட்டினார். "யாராச்சும் பேரு கேட்டா இதைக் காட்டு." கண் மூடுமுன் பியானோவை எனக்கே கொடுத்துவிட்டார்.

போன மாதம், கணினிக்குள் பியானோ செய்கிற பெண் ஒருத்தி வந்தாள். மைக் வைத்து ஒவ்வொரு கட்டையின் ஒலியையும் பிடித்தாள். பழைய வாத்தியம் என்றால் செய்தவர் பெயர், ஊர், ஆண்டு என்ற வரிசையில்தான் அந்தக் கணினிப் பியானோவுக்குப் பெயர் வைப்பார்களாம். ஒலியைப் பயன்படுத்தச் சம்மதம் என்று நான் கையெழுத்துப் போட வேண்டிய தாளில் ஜெர்மன் பெயரை அடித்து வைத்திருந்தாள்.

"அது மூடியோட பேரு மா. பியானோவோடது இல்ல."

"ஆன்டிக்கு இங்கிலீஷ் வாசிக்க வருமா?"

"வராது. கட்டையக் கழட்ட வரும்."

முன்பலகையை எடுத்து, முதல் கட்டையை உருவி அவள் கையில் வைத்தேன். எழுத்து தெரியாவிட்டாலும் அதன் உருவம் எனக்கு மனப்பாடம். வாசித்தவள் முகம் வாடியது. இங்கிலாந்தில் ஏதோ சின்ன ஊர்ப் பட்டறையாம். அவளே கேள்விப்படாத பெயராம்.

"இந்தப் பேர வச்சா யாரும் திறந்தே பார்க்க மாட்டாங்க லா ஆன்டி. கொஞ்சம் விட்டுக்கொடுங்க."

"விட்டுக்கொடுக்க அது என் பேரா? செஞ்சவன் பேரு மா." பேனாவை மூடித் தாள்மேல் வைத்தேன். மைக்கையெல்லாம் பெட்டிக்குள் அடுக்கினாள். நான் தேநீர் கலக்கப் போனேன். இரண்டு கோப்பைகளும் காலியாயின. பிறகு அவளே கட்டையை வெளிச்சத்தில் திருப்பினாள்.

"நம்பரும் இருக்கு. அதை வச்சு ஆண்டைத் தேடிப் பார்க்கிறேன் ஆன்டி."

அடுத்த வாரம் புதுத் தாளோடு திரும்பி வந்தாள். கட்டையை அருகில் வைத்து, உருவத்துக்கு உருவம் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டேன்.

இன்று காலையும் மூடியைத் துடைத்தேன். பொன்னெழுத்து மின்னத்தான் செய்கிறது, மின்னட்டும். பெயர் கேட்டு வருகிறவர்களுக்கு மூடியைத் திறந்து, முதல் கட்டையை உருவித்தான் பதில் சொல்கிறேன்.