பாக்கெட்டில் பியூஸ் கட்டை

சலவை மிஷினின் மேல் மடித்த சாக்கைப் போட்டு, விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் லிப்ட்காரர். உள்ளே நான்கு படுக்கை விரிப்புகள் பிழிபடுகின்றன. மிஷின் குதிக்கிறது, அவரும் குதிக்கிறார். இறங்கிவிட்டால் அது குளியலறையை விட்டுப் புறப்பட்டுக் கூடத்துக்கே வந்துவிடும். ஒருமுறை வந்தும் இருக்கிறது. "பிரேக் பிடிக்காத வண்டிம்மா. மேல ஆள் வெயிட் வேணும்," என்கிறார், பல்லைக் கடித்துக்கொண்டு. எட்டு நிமிடம் இந்தக் குதிரைச் சவாரி. ஒரு நாளைக்கு இரண்டு தடவை.

நான் கீழ்வீட்டுக்காரி. அவருடைய குளியலறை என் அடுப்புக்கு நேர் மேலே இருக்கிறது. முதல் தடவை சண்டை போடத்தான் மாடிப்படி ஏறினேன். என்னென்ன கேட்பது என்று படிக்குப் படி மனப்பாடம் செய்துகொண்டு போனவளைப் பார்த்து, கதவைத் திறந்தவர், "இடி விழுதாம்மா? இன்னும் நாலு நிமிஷம், மழை விட்டுடும்," என்றார். அவருக்குப் பின்னால் கட்டிலில் அவர் மனைவி படுத்திருந்தது தெரிந்தது. சண்டை போட வந்த வாய், "தண்ணி ஏதாவது ஒழுகுதோன்னு பாக்க வந்தேன்," என்று கூசாமல் பொய் சொன்னது.

அந்த அம்மாளுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். சிறுநீர் எப்போது போகிறது என்றே அவருக்குத் தெரியாது. அதனால்தான் அத்தனை விரிப்புகள். படுத்தே கிடக்கும் முதுகு புண்ணாகாமல் இருக்கக் காற்று மெத்தை ஒன்று. கட்டிலின் கால்மாட்டில் ஒரு சின்ன பம்ப் ஓயாமல் முனகிக்கொண்டு அதற்குக் காற்றை ஊட்டும். கரண்ட் போனால் போதும், மனிதர் சாப்பாட்டுத் தட்டில் கையை உதறிவிட்டு ஓடுவார். குழாயைப் பிடுங்கி வாயை அடைத்துக் காற்றைக் காப்பாற்றிவிட்டுத்தான் அடுத்த கவளம்.

பெரிய அலுவலகக் கட்டிடம் ஒன்றில் முப்பத்தோரு வருடம் லிப்ட் பழுது பார்த்தவர். எந்த யந்திரத்தையும் காதால்தான் பார்ப்பார். திருப்புளியின் முனையை மிஷின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். "எங்க வலிக்குது, சொல்லு கழுதை," என்று கேட்பார். அது சொல்லிவிட்டதுபோலத் தலையை ஆட்டிக்கொள்வார். எனக்குச் சிரிப்பு வரும். கட்டிலில் இருந்தும் ஒரு கோணல் சிரிப்பு வரும்.

இன்னொரு பழக்கம். ஐந்து நிமிட வேலையானாலும், மிஷினில் கை வைக்குமுன் வீட்டின் மெயின் பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். "ஏன் சார், பிளக்கைப் பிடுங்கினா போதாதா?" என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. அவரோடு வேலை பார்த்த ஒருவன் லிப்ட் குழிக்குள் இருந்தபோது, மேலே யாரோ அவசரக்காரன் ஸ்விட்சைப் போட்டுவிட்டானாம். "ரெண்டு பேரும் ஒரே டிபன் டப்பால சாப்ட்டவங்கம்மா. அன்னிலேருந்து பியூஸ் என் பாக்கெட்லதான். எமனே வந்தாலும் என்னைக் கேட்டுத்தான் ஆன் பண்ணணும்."

ஒரே மகள், வேறு ஊரில் வேலை. மாதம் ஒருமுறை வருவாள். கெட்ட பெண் இல்லை. அப்பாவின் காய்த்து வெடித்த கையைப் பார்த்துப் பார்த்துப் பயந்துபோன பெண். என் எதிரிலேயே சொன்னாள்: "மிஷின் என்னிக்கு நிக்குதோ, அன்னிக்கு அம்மாவை ஹோம்ல சேக்கறோம்பா. அத்தனையும் கையால துவைச்சு நீங்களும் படுத்துட்டா, ரெண்டு பேரை நான் எங்க வெச்சுப் பாக்கறது?" இவர் நியாயம்தான் என்று தலையாட்டிவிட்டார். அவள் ரயிலேறிய பிறகு மிஷினைத் தட்டிக்கொடுத்து, "கேட்டியா? ஒழுங்கா இரு," என்றார். அந்த அம்மாள் மட்டும் அன்று முழுக்கச் சுவரைப் பார்த்தபடியே கிடந்தார்.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் மிஷின் நின்றேவிட்டது. பார்க்க வந்த மெக்கானிக் டிரம்மைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினான். "பேரிங் தூள். குதிக்காமப் பிடிக்கிற ஷாக்கப்ஸும் காலி. தூக்கிக் கடாசுங்க சார், இதுக்குப் பதினஞ்சு வயசு," என்று சொல்லிவிட்டுப் போனான். புதிது வாங்க லிப்ட்காரருக்கு வக்கில்லை. அதை மகளிடம் சொல்ல மனமும் இல்லை. இரண்டு நாள் கையால் துவைத்தார். அதற்குள் எங்கெங்கோ அலைந்து சாமான்களை வாங்கிவந்துவிட்டார். மூன்றாம் நாள் காலை மனைவிக்கு ஆகாரம் கொடுத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு, பியூஸ் கட்டையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மணி ஒன்பது.

டார்ச் பிடித்தவள் நான்.

மேல்மூடி, பெல்ட், மோட்டார், ஆட்டத்தை அடக்க உள்ளே வைத்திருக்கும் கான்கிரீட் பாரம் எல்லாவற்றையும் கழற்றி டிரம்மை வெளியே எடுக்கவே பதினொன்று ஆகிவிட்டது. பழைய பேரிங் துருவோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. மரக்கட்டையை வைத்து அடி, எண்ணெய், மறுபடி அடி. நடுவில் உள்ளேயிருந்து ஒருமுறை, "ஏங்க," என்று குரல் வந்தது. "இதோ வந்துட்டேன், ரெண்டே நிமிஷம்," என்றார். பிறகு குரல் வரவில்லை. மத்தியானம் நான்தான் போய்ப் பாலைக் கரண்டியால் புகட்டினேன். முகத்தைச் சுளித்தார். "சூடா இருக்காம்மா?" என்றேன். இல்லை என்று தலையசைத்தார். கையாலாகாத எனக்கு அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை. திரும்பி வந்து டார்ச்சை எடுத்துக்கொண்டேன்.

புது பேரிங்கை ஏற்றி, எல்லாவற்றையும் திரும்ப மாட்டி முடித்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. டிரம்மை விரலால் தள்ளினார். சத்தமே இல்லாமல் சுற்றியது. அப்படி ஒரு சிரிப்பை அந்த முகத்தில் நான் பார்த்ததே இல்லை. "பாத்தீங்களாம்மா, கழுதை குதிரையாயிடுச்சு!" என்று எழுந்து போய்ப் பியூஸ் கட்டையைச் சொருகினார். கூடத்து விளக்கு எரிந்தது. உள்ளே பம்ப் ஓட ஆரம்பித்தது. வழக்கமான முனகல் இல்லை அது. வெறும் பையை ஊதுகிற மூச்சுத்திணறல். ஒரு நொடி அப்படியே நின்றார். மற்ற நாளெல்லாம் கரண்ட் தானாகப் போகும், இவர் ஓடுவார். இன்று கரண்ட்டை நிறுத்தியவரே இவர், ஓடிப்போய்க் குழாயை அடைக்கத் தோன்றவில்லை.

மெத்தை கட்டில் பலகையோடு ஒட்டிக் கிடந்தது. அந்த அம்மாள் எப்போதோ மல்லாந்து சரிந்திருந்தார். இருவருமாகப் புரட்டினோம். இடுப்புக்குக் கீழே, எலும்பு முட்டும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கருஞ்சிவப்பாகக் கன்றியிருந்தது. "ஏம்மா என்னை மறுபடி கூப்பிடல? ஏன் கத்தல நீ?" என்று அந்த மனிதர் கத்தினார்.

அந்த அம்மாள் ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொன்னார். "மிஷின்... சரியாகணும்ல. ஹோம்... வேணாம்."

நான் சமையலறைக்குப் போய் அழுதேன். வேறென்ன செய்ய?

பத்து நாளில் அது உடைந்து குழிப்புண்ணாகிவிட்டது. கட்டுப்போட வரும் நர்ஸ் கோபக்காரி. "ரெண்டு மணி நேரத்துக்கொரு தரம் ரெண்டு பேராப் புரட்டணும். ஒத்தை ஆளா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். அன்றே மகளுக்குப் போன் செய்தார். "நீ சொன்ன எடத்துலயே கேளும்மா." மறுமுனையில் அவள் அழுவது எனக்கே கேட்டது. "மிஷின் நல்லா ஓடுதும்மா," என்றார். "நான்தான்... என் கையாலதான் ஆச்சு."

ஓடுகிறது. விரிப்புகளைப் பிழியும்போதுகூட என் அடுப்படியில் குண்டூசி விழுந்தால் கேட்கும். அந்தப் பாழாய்ப்போன இடிச்சத்தம் திரும்பி வராதா என்று இருக்கிறது எனக்கு.

ஹோமிலிருந்து ஒரு தாள் அனுப்பியிருந்தார்கள். அங்கே எல்லோருடைய துணியையும் ஒன்றாகத்தான் துவைப்பார்கள். அதனால் ஒவ்வொன்றிலும் அழியாத மையால் பெயர் எழுதித் தரவேண்டுமாம். நேற்றுக் காலை நான் மடித்துக்கொடுக்க, அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மனைவியின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். எட்டு நைட்டி, ஆறு விரிப்பு, நான்கு துண்டு. அச்சுக்கோத்ததுபோல் எழுத்து. ஒவ்வொன்றையும் மை காயும்வரை ஊதிவிட்டுத்தான் என்னிடம் நீட்டினார். கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தவர் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசித் துண்டு முடிந்து பேனாவை மூடியபோது, அந்த அம்மாளின் இடதுகை நகர்ந்து வந்து அவருடைய சட்டையின் கீழ் ஓரத்தைப் பிடித்தது. "என்னம்மா, தண்ணி வேணுமா?" என்றார். இல்லை என்று தலையசைத்துவிட்டு இன்னும் இழுத்தார். கண் பேனாவின் மேல் இருந்தது.

லிப்ட்காரர் மூடியைக் கழற்றினார். தன் சட்டை ஓரத்தை முழங்காலில் விரித்து நீவிவிட்டு, அதிலும் மனைவியின் பெயரை எழுதினார். பிறகு குனிந்து, மை காயும்வரை ஊதினார்.