மூன்றாவது கொக்கி

இன்று கம்பம் வீட்டில் மறைந்த மாமனாரின் படத்தை மாட்டினோம். பழைய சுண்ணாம்புச் சுவர், ஆணி அடித்தால் காரை பெயர்ந்துவிடும். சுவரை ஒட்டிய உத்தரத்தில் கொக்கி போட்டுக் கம்பியில் தொங்கவிடலாம் என்றார் தச்சர்.

“எத்தனை கொக்கிம்மா?”

“மூணு போட்டுருப்பா,” என்றார் மாமியார். “ஒண்ணு அவுகளுக்கு, ஒண்ணு எனக்கு.”

“மூணாவது யாருக்கு அத்தை?” என்று கேட்டேன்.

“அது கெடக்கட்டும் ஆத்தா. திரும்பத் திரும்ப ஏணியச் சாத்துனா காரை உதிரும்ல.”

நாளை தேனியில் என் ஸ்கேன் முடிவு வருகிறது. அது மாமியாருக்கும் தெரியும்.

எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்தக் கொக்கிக்கு நேர்கீழே இருந்த என் நாற்காலியை நகர்த்திவிட்டேன்.

சுவர் நோகாமல் மாட்டியாயிற்று. மாமியார் மனம் நோகாமல் ஒரு கொக்கியைக் கழற்றும் வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.