மூன்று முறையும் வெள்ளைப் பூ

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டை ஓட்டலாக மாற்றியிருந்தார்கள். கணக்கு எழுத ஆள் வேண்டுமென்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். எடுத்துக்கொள்கிறோம், வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றார்கள். பி.காம். படித்துவிட்டு இத்தனை வருடம் புளி கரைத்துக்கொண்டிருந்தவளுக்கு வந்த முதல் வேலை. கடையடைத்துவிட்டு வந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னதும் அவர் முகம் சுண்டிப்போனது.

வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார். எங்கள் வீட்டில் யாருமே சொல்ல மாட்டார்கள். நிலம் வாங்குவதோ பெண் கொடுப்பதோ, எதுவானாலும் அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதுதான் வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. பூசாரி குலுக்கிச் சந்நிதியில் போடுவார், ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் கூடாது.

"ஒரு தடவை பத்தாது. மூணு தடவையும் வெள்ளை வரணும். அப்பத்தேன் ஆத்தா உத்தரவு" என்றார் என் வீட்டுக்காரர்.

"மூணு தடவையுமா? அநியாயமால்ல இருக்கு!"

"என்ன அநியாயம்? வந்தா வரும், வராட்டி வராது. பாதிக்குப் பாதிதேன்."

அவர் ஏமாற்றவில்லை, நிஜமாகவே அப்படி நம்பினார். ஆத்திரத்தில் சட்டியை நங்கென்று வைத்தேன்.

பத்தாவது படிக்கும் மகள் எட்டிப் பார்த்தாள். "சட்டிய ஏம்மா உடைக்கிற? இது எங்க கணக்குப் பாடந்தேன். என்னென்ன வரலாம்னு ஒண்ணு விடாம எழுதிப் பாத்தாப் போதும்."

சமையல்கட்டுத் தரையிலேயே சாக்பீஸால் எழுதினோம். முதலில் வெள்ளை வந்தால்: வெவெவெ, வெவெசி, வெசிவெ, வெசிசி. முதலில் சிவப்பு வந்தால்: சிவெவெ, சிவெசி, சிசிவெ, சிசிசி. ஏதாவது விட்டுப்போயிற்றா என்று தேடித் தேடிப் பார்த்தோம். மொத்தமே எட்டுதான். அதில் எனக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாருங்க. நான் போறதுக்கு ஒரு வாசல். போகாம இருக்க ஏழு வாசலத் தொறந்து வச்சிருக்கீக!"

குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். "அட, ஆமா" என்றார்.

"மூணும் வெள்ளைன்னா போறேன். மூணும் சிவப்புன்னா வாயத் தொறக்க மாட்டேன். கலந்து வந்தா ஆத்தா நம்மகிட்டயே விட்டுட்டான்னு அர்த்தம். அப்ப நீங்க உங்க வாயால சொல்லணும்."

எட்டில் ஆறு கலப்புதான். அது தரையிலேயே இருந்தது. தெரிந்துதான் தலையாட்டினார்.

மறுநாள் சாயங்காலம் மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். சாமி கும்பிட வந்த ஒரு சின்னப் பெண்ணைப் பொட்டலம் எடுக்கச் சொன்னார் பூசாரி. முதலில் வெள்ளை. மறுபடி கட்டிக் குலுக்கிப் போட்டதும் மறுபடி வெள்ளை. மகள் என் கையை நெரித்தாள். மூன்றாவது பொட்டலத்தைப் பிரித்தால் சிவப்பு.

அவர் முதலில் சொன்னபடி என்றால் என் வேலை அந்த இடத்திலேயே போயிருக்கும். இப்போது எல்லோரும் அவரைப் பார்த்தோம். வழக்கமாக அவர் திணறினால் நான்தான் பேச்செடுத்துக் கொடுப்பேன். அன்றைக்குக் கொடுக்கவில்லை.

"எனக்குப் பயமா இருக்குடி" என்றார் கடைசியில்.

"என்னத்துக்கு?"

"நான் கடையடச்சுட்டு வரையில வீடு பூட்டிக் கெடக்குமே."

இவ்வளவுதானா என்று சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இதைச் சொல்லவா ஆத்தாளைக் கூப்பிட்டார்!

"நீங்க வந்து தொறங்க. நான் பின்னாடி வாரேன்" என்றேன்.

சிவப்புப் பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சரி, போயிட்டு வா" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பூட்டுக் கடையில் வண்டியை நிறுத்தி, எங்கள் வாசல் சாவிக்கு இன்னொன்று போடச் சொன்னார்.