செம்பாறைக்கல் அடுப்பின் உயரம்

மெர்டேக்கா எனும் நாட்டு விடுதலைக்கு முந்தைய மாதங்களில் எங்கள் காஜா பெராங் வீட்டில் சமையல் முற்றத்தில்தான் நடந்தது. அத்தாப்புக் கூரை வேய்ந்த சமையற்கட்டில் ஒரு நாள் பொறி பறந்து ஓலையில் பற்றிக்கொண்டது. அப்பா ஈரச்சாக்கால் அடித்து அணைத்துவிட்டார். ஆனால் அம்மா அதற்குப் பிறகு உள்ளே அடுப்பு மூட்டவே இல்லை. மழை வந்தால் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். அவர் பயமில்லாமல் நின்று சமைக்க ஒரு கல் சமையலறை வேண்டும் என்று நானும் அப்பாவும் முடிவு செய்தோம்.

அப்பா லாரி ஓட்டுநர். புக்கிட் பாரு பக்கம் மேட்டை வெட்டிய இடத்திலிருந்து செம்பாறைக்கல்லைக் கொண்டுவந்து இறக்கினார். நான் அப்போது தொழிற்பயிற்சி முடித்து, ஓர் அலுவலகத்தில் கட்டட வரைபடங்களை நகலெடுத்துக்கொண்டிருந்தேன். பட்டியல் எழுதாமல் எனக்கு எந்த வேலையும் ஓடாது. வெட்டிய கல் மிருது, சில வாரம் காற்றில் கிடந்து இறுகட்டும். உஜோங் பாசிர் கடற்கரை மணல் வேண்டாம், உப்பு. சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த ஆற்று மணல் மூன்று பங்கு. கட்டுமுன் கல்லை நனைக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று வரிக் கல்தான்.

"மூணு வரியோட நிறுத்தணுமா? உங்க ஆபீஸ்ல கல்லுக்கும் லீவு உண்டா லா?" என்றார் அப்பா.

"கலவை இறுகணும்பா. ஈரச்சாக்கு போட்டு மூடுங்க."

முனகிக்கொண்டே மூடினார்.

ஞாயிற்றுக்கிழமைகளாகச் சேர்ந்து சுவர் எழுந்தது. கூரைக்குத் தகரம் போட்டோம். அடுப்பு மேடையின் அளவை அதிகாரிகள் குடியிருப்பு வரைபடம் ஒன்றிலிருந்து எடுத்தேன். அதுவரை அம்மா பலகையில் உட்கார்ந்துதான் சமைத்தவர். "நின்னு சமைச்சா முட்டி வலிக்காதும்மா" என்றேன். சரி என்றார்.

பால் காய்ச்சிய காலையில் பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள் வந்திருந்தார். பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து கலந்துவிட்ட குடும்பம்; அவர் பேச்சு மலாய். எங்களோடு மட்டும் தமிழ் கலந்து பேசுவார். மேடையைத் தட்டிப் பார்த்து, "திங்கி பெனார்! யார் சமைக்கிறது, உங்க லாக்கியா?" என்று சிரித்தார். உயரம் அதிகம், அப்பாவா சமைக்கப்போகிறார் என்ற கேலி. அளவு சரிதான் என்று நான் விறைப்பாகச் சொன்னேன். பால் பொங்கியது.

இரண்டு வாரம் கழித்து, வேலையிலிருந்து திரும்பியபோது அம்மா பாதத்தில் வாழைச்சாறு தடவிக்கொண்டிருந்தார். கஞ்சி வடிக்கும்போது கொட்டிவிட்டது. மேடை ஓரத்தில், மிஞ்சிய செம்பாறைக்கல் ஒன்று சாக்கால் சுற்றிக் கிடந்தது. அதன் மேல் ஏறி நின்றுதான் இத்தனை நாளும் சமைத்திருக்கிறார்.

"ஏம்மா சொல்லல?"

"நீ அளந்து கட்டினது. எப்படிச் சொல்றது?"

அம்மாவை நிற்கவைத்து, தரையிலிருந்து முழங்கை வரை நாடா பிடித்தேன். கூச்சத்தில் சிரித்தார். அம்மாவை அப்போதுதான் முதல்முறையாக அளந்தேன்.

ஞாயிறன்று அப்பா உளியும் மரச்சுத்தியும் எடுத்தார். சுண்ணாம்புக் கலவை இன்னும் முழுதாக இறுகவில்லை. சிமெண்டாக இருந்திருந்தால் கல்லும் சேர்ந்து உடைந்திருக்கும். மேல் வரி முழுசு முழுசாகக் கழன்று வந்தது. மேடை இப்போது சரியாக முழங்கைக்கு நேராக இருந்தது. நான் மேற்பூச்சுக்குக் கலவை குழைக்கக் குனிந்தேன்.

அம்மா சோற்றுப் பானையைக் கொண்டுவந்து மேடையில் வைத்தார். அகப்பையை உள்ளே விட்டுத் துழாவினார். தோள் காதுவரை ஏறியது.

"பானைக்கு உயரம் இல்லையா? அதை யார் கழிப்பா?" என்றார். பிறகு, கொஞ்சம் தயங்கி, "என்னாங்க, இன்னும் ஒரு வரி எடுங்க."

அப்பா என்னைப் பார்த்தார்.

"அம்மா சொல்றதுதான்பா" என்றேன்.

அவர் அடுத்த வரியின் முதல் கல்லில் உளியை வைத்தார். அம்மா பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "மெதுவா, மூலை போயிடும்" என்று பக்கத்திலேயே நின்றார்.