ஆத்தாளிடம் கேட்காத கேள்வி

அன்றைக்கு மடுக்கரையில் இருந்தவர்கள்: பூசாரி, என் மாமனார், மாமியார், கடப்பாரையோடு கொழுந்தனார், பூ எடுக்க வந்த ஒரு சிறுமி, நான். மருதமர வேர்ப்பொந்துக்குள் ஒரு நீர்நாய், அதன் மூன்று குட்டிகள். அவற்றையும் சேர்த்துத்தான் எழுதுவேன். வீட்டுக் கணக்கில் ஒரு பிடி உப்பைக்கூட விடாதவள் நான்.

மீன்கவிச்சியும் ஈரமண்ணும் கலந்த அந்த வாடை இன்னும் மூக்கில் நிற்கிறது...

யுத்தகாலம். மண்ணெண்ணெய்க்கு அல்லாடிய வருஷம். நான் கல்யாணமாகி வந்த புதிது. திருமணிமுத்தாறு காவிரியில் சேர்வதற்குக் கொஞ்சம் மேலே அம்மன் கோயில். அதன் முன்னால் உள்ள மடுவில் யாரும் மீன் பிடிக்கக் கூடாது. அது ஆத்தாள் மீன். பொரி போட்டுக் கும்பிடுவோம்.

அந்த மீனைத்தான் நீர்நாய் தின்றது. விடிந்தால் கோயில் படியெல்லாம் மீன்தலை. பொந்தில் மிளகாய்ப்புகை போட்டு, வெளியே வருவதை அடித்துவிடுவதென்று மாமனார் முடிவு செய்தார். ஆனால் ஆத்தாள் எல்லையாயிற்றே, உத்தரவு வேண்டும். எங்கள் பக்கம் பூப்போட்டுக் கேட்பார்கள். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் சம்மதம்.

பூசாரி கண்ணை மூடிக் கேட்டார். "ஆத்தா, உன்ற மீனெக் காப்பாத்தோணும். சம்மதந்தானா?"

சிறுமி எடுத்தாள். வெள்ளை.

கொழுந்தனார் கடப்பாரையைத் தூக்கினார். நான் இடுப்பிலிருந்த தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்துவிட்டுப் பொந்து வாயிலேயே உட்கார்ந்துவிட்டேன். முதுகுக்குப் பின்னால் குட்டிகள் கீச்சிட்டன.

மாமனாரோடு நேரே பேசும் வழக்கம் இல்லை. பூசாரியைப் பார்த்தே சொன்னேன். "மீனெக் காப்பாத்தலாமான்னுதானுங்க கேட்டீங்க. குட்டி போட்டவளெக் கொல்லலாமான்னு கேக்கலீங்களே. அதையும் வாய்விட்டுக் கேளுங்க. வெள்ளெ வந்தா எந்திரிச்சுக்கறேன்."

மாமனார் மாமியாரிடம் திரும்பினார். "உன்ற மருமவ ஆத்தாளுக்கே வக்கீலா வந்துட்டாளா?"

"வந்துட்டாள்ல, பதில் சொல்லுங்க!" என்றார் மாமியார். அவர் என் பக்கம் பேசியது அந்த ஒருநாள்தான்.

பூசாரி பூத்தட்டை மாமனாரிடம் நீட்டினார். "ஒரு தாயெக் கொல்றதுக்கு இன்னொரு தாய்கிட்ட எந்த வாயாலெங்க உத்தரவு கேக்கறது? எனக்கும் புள்ளகுட்டி இருக்குதுங்க. நீங்களே கேளுங்க."

மாமனார் தட்டை வாங்கவில்லை.

அதற்குப்பிறகு வெகுநாள் என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. குடிக்காவிட்டால் போகட்டும் என்று சொம்பை வைத்துவிட்டு வந்துவிடுவேன். படியில் மீன்தலை அப்புறமும் கிடந்தது. கூட்டித் தள்ளிவிட்டுக் கும்பிட்டேன்.

கேட்டு, வெள்ளையே வந்திருந்தால்? எழுந்திருக்க மாட்டேன். ஆத்தாளிடம் நானே பேசிக்கொண்டிருப்பேன்.

அப்போது கரைநெடுக நாணல். இப்போது நுரைத்தண்ணீர், அந்த ஒரு மருதமரத்தடிதான் மிச்சம். அதையும் வழித்துவிட்டு சிமெண்டுப்படி கட்டப்போவதாகக் கோயில் கமிட்டிப் பிள்ளைகள் நீங்கள் நம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டிருக்கிறீர்கள். "அங்க ஒண்ணுமே இல்லீங்க ஆயா, வெறும் பொதரு" என்கிறீர்கள். உங்கள் படத்தையே பெரிதாக்கிப் பாருங்கள். ஈரமண்ணில் விரலுக்கு விரல் சவ்வு ஒட்டிய கால்தடம்... அது யார் கால் என்று எனக்குத் தெரியும்.

பூப்போட்டு உத்தரவு வாங்கியாச்சு என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆத்தாளிடம் என்ன கேட்டீர்கள்? ஒரு சொல் விடாமல் எழுதுங்கள். பொக்லைன் வருவதற்குள் எனக்குப் பதில் வேண்டும்.