அடுப்படித் தரைக்கு அடியில்

எண்பதுகளின் தொடக்கம். இலங்கையில், மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தின் கடைசி வீடு எங்களுடையது. பின்பக்கம் மண்மேடு. மழைக்காலத்தில் மேட்டுத் தண்ணீர் அடுப்படிக்குள் கசியும். அந்த வருஷம் ஆனியிலும் ஆடியிலும் மழை விடவே இல்லை. சிமெந்துத் தரை உப்பி வெடித்துவிட்டது. அடுப்பைச் சுற்றிச் சூட்டில் காய்ந்த இடத்தில், வெடிப்பிலிருந்து சாம்பல் நிறத்தில் தூள் கிளம்பியது.

குளிருக்குப் பயந்து நாங்கள் படுப்பதும் அடுப்படியில்தான், பத்து மாதப் பிள்ளை தவழ்வதும் அங்கேதான். அந்தத் தூளைத் தொட்டுத் தொட்டு வாயில் வைப்பாள். அவளுக்கு இழுப்பு வந்து நாலு நாளாகியும் குறையவில்லை என்று தோட்டத்து டாக்டரையா வீட்டுக்கே வந்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தவர் தரையைப் பார்த்தார்.

"இதுக்கு அடியில என்னம்மா போட்டீங்க?"

கூறுகெட்டவள், பெருமையாகத்தான் சொன்னேன். போன வருஷக் காற்றில் ஸ்டோர் கூரை பெயர்ந்தது. தேயிலைத் தொழிற்சாலையைத்தான் ஸ்டோர் என்போம். என் வீட்டுக்காரருக்கு அங்கே வேலை. உடைந்த அஸ்பெஸ்டஸ் சீட்டுகளைப் பின்னால் கொட்டியிருந்தார்கள். சும்மா கிடக்கிறதை விடுவோமா? லயமே அள்ளி வந்தது. கல்லோடும் ஓட்டுத் துண்டோடும் சேர்த்து இடித்துப் பரப்பி, மேலே மெல்லிசாகச் சிமெந்து பூசினோம். இடித்தவள் நான்தான், வாயும் வயிறுமாக.

டாக்டரையா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போனா வெளிய வராதும்மா. தரைய எடுத்துடுங்க. காஞ்சபடியே உடைச்சிடாதீங்க. தண்ணிய நல்லா ஊத்தி, நனைச்சு எடுத்துப் பொதைச்சிடுங்க."

"ஐயா, பிள்ளைக்கு இழுப்பு வந்தது அதுனாலயா?"

"இது சளிதான். அந்தத் தூசியோட கெடுதல் இப்ப தெரியாது. இருபது முப்பது வருஷம் ஆகும்."

நோய் என்றால் இன்றைக்கு வரும், மருந்து கொடுத்தால் போகும், இல்லை ஆளைக் கொண்டுபோகும். முப்பது வருஷம் பதுங்கியிருக்கிற நோயை எந்தச் சாமியிடம் போய்ச் சொல்வது? பிள்ளை எவ்வளவு விழுங்கினாள், எவ்வளவு மூச்சில் இழுத்தாள், யாருக்குத் தெரியும்? அன்று முழுக்க அவளை இடுப்பைவிட்டு இறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தரையை எடுப்பதென்று முடிவானது. பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, மூக்கோடு ஈரத்துணி கட்டிக்கொண்டு மம்பட்டியோடு வந்தேன். என் வீட்டுக்காரர் அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"நீ வெளிய போ."

"ரெண்டு பேர் செஞ்சா சீக்கிரம் முடியுமுல்ல?"

"சொன்னா கேளு."

"இடிச்சவ நான். இன்னும் கொஞ்சம் தூசி நெஞ்சுக்குள்ள போனா என்னவாம்?" எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"அந்தப் புள்ளைக்கு நம்மள்ல ஒருத்தராச்சும் மிஞ்சணும்டி."

வாளித் தண்ணீரை உள்ளே எடுத்துக்கொண்டு கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு மம்பட்டிச் சத்தம், நடுவே அவருடைய இருமல். இருமினால் பயந்தேன், இருமாவிட்டாலும் பயந்தேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர்ச் சத்தம் நின்றுபோனது.

ஓடிப்போய் இன்னொரு வாளி பிடித்து வந்து கதவைத் தட்டினேன். "தொறங்க. தண்ணி ஊத்தாம வெட்டாதீங்க."

"தொறந்தா தூசி வெளிய வரும். நீ தள்ளி நில்லு."

வாளியோடு நின்றேன். உள்ளே மம்பட்டிச் சத்தம் நிற்கவில்லை.