ராகுகாலத்தில் தாலித் தங்கத்துக்குப் பணம் கேட்டவன்

சிதம்பரத்திலிருந்து கடலூர் வரும் பஸ் பு.முட்லூரைத் தாண்டும்போது அம்மாவிடமிருந்து போன். வெள்ளிக்கிழமை, மணி பத்தே முக்கால்.

"அக்காவுக்குத் தாலிச் சங்கிலி முடிச்சிட்டேன்டி. கஸ்டம்ஸ்ல புடிச்ச தங்கமாம், பாதி வெல. வாட்ஸ்அப்புல படம் வந்திருக்கு. விக்கிறவரு பதினோரு மணிக்குள்ள முழுப் பணமும் போடச் சொல்றாரு. ராகுகாலமாச்சே, பன்னண்டுக்கு மேல போடுறேன்னேன்."

"அதுக்கு என்னா சொன்னான்?"

"ராகுகாலம்னா என்னம்மான்னு கேக்குறாரு."

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. ராகுகாலத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. செமஸ்டர் ஃபீஸைக்கூட அந்த நேரத்தில்தான் கட்டியிருக்கிறேன். ஆனால் எங்கள் பக்கம் தாலித் தங்கம் விற்கிற ஒருவருக்கு அது தெரியாமல் இருக்க வழியே இல்லை. அந்த ஒன்றரை மணி நேரம் கடையில் ஈ ஓட்டுகிறவர்கள் அவர்கள்.

"அம்மா, அவன் நகைக்கடைக்காரனே இல்ல. போடாத."

"போடி. உன்ன விட ஜாஸ்தி மரியாதையாப் பேசுறாரு."

வைத்துவிட்டார். ஜாக்கெட் தைத்து வருஷக்கணக்கில் அம்மா சேர்த்த பணம் அது. அது போனால் அக்காவின் கல்யாணத்துக்குச் சங்கிலி இல்லை. பஸ்ஸை நானே தள்ளிக்கொண்டு போகலாம் போல இருந்தது.

முதுநகரில் இறங்கி வீட்டுக்கு ஓடியபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். அம்மா முகம் கழுவி, சாமி விளக்கேற்றி, போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அதை வாங்கி அந்த எண்ணுக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணே, சங்கிலியத் தராசுல வெச்சு வீடியோவுல காட்டுங்க. அதுல ஆறெழுத்து ஹால்மார்க் நம்பர் இருக்கும், படிங்க. அரசாங்க ஆப்புல சரிபாத்துட்டுப் பணம் போடுறோம்."

"சரக்கு குடோன்ல இருக்கும்மா. உங்களுக்குப் பின்னாடி அஞ்சு பேரு நிக்கிறாங்க. பணம் இல்லன்னா மொதல்லயே சொல்லிருக்கலாமே."

அம்மாவின் முகம் சிவந்தது. "யாரப் பாத்து பணம் இல்லங்கிற?" என்று போனைப் பிடுங்கினார். ரோஷத்தில் அனுப்பிவிடுவாரோ என்று போனைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன்.

"பணம் இருக்குய்யா. சங்கிலி இருக்கா? இருந்தா நம்பரப் படி."

லைன் கட்டானது. திரும்ப அடித்தால் எடுக்கவில்லை.

அம்மா மெல்லச் சொன்னார்: "வெளிய சொல்லாதடி. சம்பந்தி வீட்டுல சிரிப்பாங்க. அதோட... மகளிர் குழுவுல மூணு பேருக்கு இவன் நம்பரக் குடுத்துட்டேன்."

"சிரிக்கட்டும். ஏமாத்த வந்தவனே வெக்கப்படல, நாம எதுக்கு ஒளியணும்?"

சைபர் கிரைமில் ஆன்லைனில் புகார் பதிந்தேன். மூன்று பேருக்கும் போன் போட்டேன். இரண்டு பேர் நல்ல வேளை என்றார்கள். மூன்றாவதாகப் பேசிய குழு அக்கா, "உங்கம்மாவுக்குக் கெடைக்கலன்னதும் எனக்கும் வேணாமா?" என்று வெடுக்கென்று கேட்டார். திங்கட்கிழமை பணம் போடப் போகிறாராம்.

ஞாயிற்றுக்கிழமை மகளிர் குழுக் கூட்டம். அந்த அக்காவின் போனிலிருந்தே, எல்லோர் முன்னாலும், அவனைக் கூப்பிட வைக்கப் போகிறேன். ஹால்மார்க் நம்பரைக் கேட்பது நானாக இருந்தால் படித்த திமிர் என்பார்கள். அதனால் அம்மாவைத்தான் பேச வைக்கப் பார்க்கிறேன். இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஆனால் ஹால்மார்க் நம்பர் எத்தனை எழுத்து என்று இன்று காலையில் அவராகவே ஒருமுறை கேட்டார்.